நுரையும் நிறமும் சொல்லும் சேதி: சிறுநீரக அழற்சியை அறிவோம்

(பொதுமக்களுக்கான மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிட்னி என்று சொன்னாலே நம்ம ஊரில் இரண்டு வார்த்தைதான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று கல்லு, இன்னொன்று டயாலிசிஸ். இன்றைக்கு நான் பேச வந்தது அதிகம் பேசப்படாத இன்னொரு நோயைப் பற்றி. அதுக்குப் பேரு சிறுநீரக அழற்சி. டாக்டர்கள் நெஃப்ரைட்டிஸ் என்பார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர்களில் ஒரு பகுதியினர், அதிலும் இளவயதுக்காரர்கள், இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். "நிறைய தண்ணி குடி, வாழைத்தண்டுச் சாறு குடி, இளநீர் குடி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அறிவுரை எல்லாம் கல்லை மனசில் வைத்துச் சொன்னது. அழற்சி வந்து உடம்பு வீங்கியிருக்கிறவருக்கு அதே தண்ணி நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலைக் கொண்டு வந்துவிடும். சிறுநீரகம் சரியா வேலை செய்யாதவருக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். கிட்னி நோய் எல்லாம் ஒரே நோய் இல்லைங்க. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு ஆபத்தாக முடியும்.

அழற்சி என்றால் என்ன? கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறது இல்லையா, அதுதான். கிருமியை விரட்ட உடம்பு நடத்துகிற சண்டை. இதே சண்டை சிறுநீரகத்துக்குள் நடந்தால் சிறுநீரக அழற்சி. பல நேரம் அங்கே கிருமியே இருக்காது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உறுப்பையே தாக்கிக்கொண்டிருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "கிட்னி வீங்கியிருக்காம்" என்று சிலர் வருவார்கள். அது பெரும்பாலும் கல் அடைத்துச் சிறுநீர் தேங்கியதால் வந்த வீக்கம். நான் பேசுவது அது இல்லை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் ஒரு சின்னப் பந்து. குளோமெருலஸ் என்று பெயர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இவை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மறுபடி உடம்புக்கே போய், ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே வருகிறது. இந்தச் சல்லடையில் அழற்சி வந்தால் ஓட்டை பெரிசாகிறது. உள்ளே நிற்க வேண்டிய புரதமும் ரத்த அணுக்களும் வெளியே ஒழுகும். வெளியே போக வேண்டிய உப்பும் நீரும் கழிவும் உள்ளேயே நிற்கும். அறிகுறிகள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன. புரதம் ஒழுகினால் சிறுநீரில் நுரை. ரத்தம் ஒழுகினால் பால் சேர்க்காத டீ மாதிரி, வரக்காப்பி மாதிரி நிறம். உப்பும் நீரும் தங்கினால் காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி அதைத்துப் போயிருக்கும், சாயங்காலம் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும், பிரஷர் ஏறும்.

வலி? பெரும்பாலும் இருக்காது. இதுதான் இந்த நோயின் பெரிய சங்கடம். கல் வந்தால் மனுஷன் துடிச்சுப் போய் ராத்திரி இரண்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவார். சல்லடை கிழிந்துகொண்டே இருக்கிறவர் ஆறு மாதம் கழித்து, சோறு இறங்கவில்லை என்று வருவார்.

நுரை என்றதும் பயந்துவிடாதீங்க. வேகமாகப் போனாலும் நுரை வரும், கழிவறையில் ஊற்றிய கிளீனராலும் வரும். கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டால் கவலையில்லை. நாலைந்து நாள் தொடர்ந்து, சோப்பு நுரை மாதிரி கலையாமல் நின்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் புரதம் ஒழுகும். அது வேறு வகை, ஆனால் பரிசோதனை அதேதான்.

இனி காரணங்கள். குழந்தைகளிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து சரியாகிவிடும். அல்லது கால்களில் சிரங்கு வந்து காய்ந்துவிடும். அப்புறம் ஒரு நாள் காலையில் முகம் ஊதியிருக்கும், சிறுநீர் கறுத்துப் போகும், அளவும் குறையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய பொருள்கள் சல்லடையில் போய்ப் படிந்ததால் வருவது இது. தொண்டை வலி என்றால் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, தோல் புண் என்றால் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து வரும். இடைவெளி இருப்பதால் அம்மாக்களுக்குச் சிரங்கு ஞாபகமே இருக்காது. நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். சொறி வந்து, அதைச் சொறிந்து, அந்தப் புண்ணில் இந்தக் கிருமி ஏறுவது நம்மிடம் சாதாரணம். ஆகவே சொறிக்கு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்வது தோலுக்கு மட்டுமான வைத்தியம் இல்லை, பிள்ளையின் சிறுநீரகத்துக்கும் அது பாதுகாப்பு.

நல்ல செய்தி, இந்த வகையில் பெரும்பாலான குழந்தைகள் முழுசாகக் குணமாகிவிடுவார்கள். உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, பிரஷரைக் கட்டுப்படுத்தினால் போதும். கிருமி மிச்சமிருந்தால் ஆன்டிபயாட்டிக். சாதாரணமாக ஸ்டீராய்டு தேவைப்படாது. ஆனால் பிரஷரைப் பார்க்காமல் விட்டால் பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். "குழந்தைக்கு என்ன பிரஷர்?" என்று கேட்காதீங்க. இந்த நோயில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெரியவர்களிடம் உலக அளவில் அதிகம் காணப்படுவது ஐஜிஏ நெஃப்ரோபதி. 1968-இல் பாரிஸில் ழான் பெர்ழே என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்தார். இதில் தொண்டை வலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் சிவக்கும். குழந்தைகளுக்கு வருவதில் வாரக்கணக்கு, இதில் நாள்கணக்கு. அந்தக் கணக்கை வைத்தே பாதி யூகித்துவிடலாம். இரண்டு நாளில் நிறம் தெளிந்துவிடுவதால், "உஷ்ணம்" என்று சொல்லி மோர் குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இருபது, முப்பது வயதில் ஆரம்பித்து உள்ளுக்குள் மெதுவாக நடக்கும். நம்ம தென்னிந்தியர்களுக்கு இது மேலை நாட்டவரைவிட வேகமாக முற்றுகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியிருக்கிறது. உஷ்ணம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது லூபஸ். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதிகம். மூட்டு வலி, முடி கொட்டுவது, வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு, வாய்ப்புண், விட்டு விட்டுக் காய்ச்சல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண விஷயம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, முடிக்கு ஷாம்பு, முகத்துக்குக் கிரீம் என்று பிரித்துப் பிரித்துச் சமாளிக்கிற பெண்ணுக்கு ஒரு நாள் கால் வீங்கும். அன்றைக்குச் சிறுநீரைப் பார்த்தால் புரதம் கொட்டிக்கொண்டிருக்கும். இத்தனை தொந்தரவும் ஒரே பெண்ணுக்கு என்றால், யாராவது ஒருவர் ஒரு தடவையாவது சிறுநீர்ப் பரிசோதனை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், தப்பில்லை.

வயதானவர்களுக்கு வருகிற ஒன்று உண்டு, ரத்தக்குழாய் அழற்சி. விடாத காய்ச்சல், எடை குறைதல், மூக்கிலிருந்து ரத்தம், இருமினால் ரத்தம், அதோடு சிறுநீரிலும் ரத்தம். இதில் சிறுநீரகம் வாரக்கணக்கில் கெட்டுவிடும். இருமலில் ரத்தம் என்றால் காசநோய் என்றுதான் எல்லோரும் நினைப்போம், அந்தச் சோதனையும் வேண்டும்தான். கூடவே ஒரு கிரியேட்டினின், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு மாதம் தாமதித்தால் காப்பாற்ற வேண்டிய சல்லடை தழும்பாகிவிடும். அழற்சியை மருந்தால் அணைக்கலாம். தழும்பை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது.

மருந்தாலும் அழற்சி வரும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், சில ஆன்டிபயாட்டிக்குகள், வருஷக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற கேஸ் மாத்திரைகள்கூடச் சிலருக்குச் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கும். மாத்திரையை நிறுத்தினாலே பலர் தேறிவிடுவார்கள். அதனால் டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லா அட்டைகளையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்க. "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.

முகம் வெளுக்கிற கிரீமும் இந்தப் பட்டியலில் உண்டு. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், புரதம் ஒழுகும் ஒரு வகை அழற்சியோடு அடுத்தடுத்து வந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள், அவர்களில் பலருக்குப் பொதுவாக இருந்த ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சரியான லேபிள் இல்லாத வெளுப்பு கிரீம்கள். சோதித்தால் பாதரசம். ஃபோனில் விளம்பரம் பார்த்து, தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை வாங்கிப் பூசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாதரசம் தோல் வழியாகவே உள்ளே போகும். பூசுவதை நிறுத்தினால் புரதம் குறைய வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த டப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். பாதரசம் கலந்த சில பாரம்பரிய மருந்துகளாலும் இதே நோய் வந்ததை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். எந்த மருத்துவ முறையையும் நான் குறை சொல்லவில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தைத்தான் சொல்கிறேன்.

கிருமி நேரடியாகச் சிறுநீரகத்தில் ஏறுவதும் ஒரு அழற்சிதான். பைலோநெஃப்ரைட்டிஸ் என்போம். இது ஒன்று மட்டும் சத்தம் போட்டுக்கொண்டு வரும்: குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பெண்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன்பே சிறுநீர் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கல் அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827-இல் எழுதியதிலிருந்துதான் இந்த நோய்களின் கதை தொடங்குகிறது. நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டுவார்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காகிதப் பட்டையை முக்கினால் ஒரு நிமிஷத்தில் அதே பதில். அல்புமின் ஒரு ப்ளஸ், இரண்டு ப்ளஸ் என்று எழுதியிருப்பார்கள். ப்ளஸ் வந்தால் அடுத்து எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்க யூரின் பி.சி.ஆர். பரிசோதனை. கொரோனாவுக்கு மூக்கில் எடுத்த பி.சி.ஆர். வேறு, இது வேறு. இது புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். 0.2-க்குக் கீழே இருந்தால் சரி. 3-ஐத் தாண்டினால் கடுமையான ஒழுக்கு.

ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனிங்க. முப்பது வயதுப் பெண்ணுக்குப் போன வருஷம் 0.8, இந்த வருஷம் 1.2 என்று வைத்துக்கொள்வோம். பல லேப் ரிப்போர்ட்டில் இரண்டுமே நார்மல் எல்லைக்குள்தான் இருக்கும், தடித்த எழுத்து வராது. ஆனால் வடிகட்டும் திறன் 100-லிருந்து ஏறத்தாழ 60-க்கு இறங்கிவிட்டது. பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் இது தெரியும். எல்லா ரிப்போர்ட்டையும் வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து, ஃபோனில் தனி ஃபோல்டரில் தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்க. குலதெய்வக் கோயில் படத்துக்கு நடுவே ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தால் ஓ.பி.யில் உங்கள் முறை போய்விடும்.

"ஸ்கேன் நார்மல் டாக்டர்" என்று சந்தோஷமாக வருவார்கள். ஸ்கேனில் கல் தெரியும், அடைப்பு தெரியும், அளவு தெரியும். சல்லடையின் ஓட்டை தெரியாது. ஸ்கேன் நார்மலாக இருந்தும் மோசமான அழற்சி இருக்கலாம்.

எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல பல நேரம் பயாப்ஸி வேண்டும். இந்தப் பேரைக் கேட்டதும் புற்றுநோயா என்று அழுதுவிடுகிறார்கள். இல்லைங்க. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் நூல் மாதிரி ஒன்றிரண்டு துணுக்குகள் எடுப்போம். ஒரு நாள் படுக்கை ஓய்வு. சிலருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்து தானே நிற்கும். ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கசிவது நூறு பேரில் ஒருவர் என்ற அளவில் நடக்கலாம். அதை மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. பயாப்ஸி இல்லாமல் குத்துமதிப்பாகக் கொடுக்கும் ஸ்டீராய்டைவிட, பார்த்துக் கொடுக்கும் மருந்து எவ்வளவோ பாதுகாப்பு.

சிகிச்சை இரண்டு பக்கம். எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்குவது ஒன்று: ஸ்டீராய்டு, மைக்கோஃபெனோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிட்டுக்ஸிமேப். எது, எவ்வளவு நாள் என்பது வகையைப் பொறுத்தது. எல்லா வகைக்கும் இவை வேண்டியதில்லை. ஸ்டீராய்டில் முகம் உருண்டையாகும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறலாம், கிருமித்தொற்று சுலபமாக வரும். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுத் திடீரென்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீங்க. பல வாரம் சாப்பிட்ட பிறகு உடம்பு தானே சுரப்பதை நிறுத்தியிருக்கும். சட்டென்று விட்டால் பிரஷர் இறங்கி மயங்கி விழுவீர்கள், நோயும் திரும்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெண்கள் கர்ப்பம் பற்றிய திட்டத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மைக்கோஃபெனோலேட் போன்றவை கருவைப் பாதிக்கும். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

இன்னொரு பக்கம், சல்லடை மேல் இருக்கிற அழுத்தத்தைக் குறைப்பது. எனாலப்ரில், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரைகள் பிரஷரையும் குறைக்கும், புரத ஒழுக்கையும் குறைக்கும். ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். இவையும் கர்ப்ப காலத்தில் கூடாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாயில் வாங்கிக்கொண்டால் கணக்கு சரியாகாது. இந்துப்பும் உப்புதான்.

செலவு பற்றிக் கேட்பீர்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகளை ஆரம்பிக்கலாம். பயாப்ஸிக்குச் சிறுநீரகவியல் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். படுத்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது சுலபம். எங்கே போவது என்று குழப்பம் என்றால் 104-க்கு ஃபோன் பண்ணிக் கேளுங்கள். சிறுநீர் அடியோடு குறைந்து மூச்சுத்திணறினால், வலிப்பு வந்தால், இருமலில் ரத்தமும் சிறுநீரில் ரத்தமும் சேர்ந்து வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், 108.

கடைசியாக, சிறுநீர் எப்படிக் கொடுப்பது என்று பலருக்குச் சொல்லித்தரவே இல்லை. காலையில் முதலில் போவது நல்லது. கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். லேபில் கொடுக்கும் டப்பாவில் மட்டும். வீட்டில் கழுவி வைத்த டானிக் பாட்டில் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கிற அணுக்கள் கரைந்துபோகும். பெண்கள் மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் ரத்தம் என்றுதான் ரிப்போர்ட் வரும்; சில நாள் தள்ளிக் கொடுங்கள், அவசரம் என்றால் லேபில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இப்போ உங்க கேள்விகளுக்கு வரேன்.